பொடி எழுத்து

செவ்வாய் காலை, ஈசூன் பலதுறை மருந்தகம்.
ஆறு தாய்மார், ஏழு பிள்ளைகள்
(ஒருத்திக்கு இரட்டை).
என் வேலை உப்பைப் பற்றிப் பேசுவது.

தொண்டைக்குழியில் ஒரு சுரப்பி,
சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி என்றேன்.
அதற்கு அயோடின் வேண்டும்,
ஊசிமுனை அளவுதான்.
அதுவும் குறைந்தால்
உள்ளே வளரும் மூளை
பாதிப் பாடத்தில் நின்றுவிடலாம்.

ஷாமினி கை தூக்கினாள்.
"என் உப்பு ரோஸ் கலர், மிஸ்.
மலையிலேர்ந்து வருது. பதினோரு வெள்ளி."
கைப்பேசியில் பொட்டலத்தின் படம்.
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம்.
மலை இருந்தது, பனி இருந்தது,
விற்றவன் கையெழுத்துகூட இருந்தது.
அயோடின் என்கிற நாலெழுத்து இல்லை.

"அப்ப இத என்ன பண்றது?"
"வெந்நீர்ல போட்டுக் கால வை.
வீங்கியிருக்கு பாரு."

இரவு ரசம் கொதிக்கையில்
என் உப்பு ஜாடியைப் பார்த்தேன்.
மூடி இல்லை. அடுப்பை ஒட்டி,
ஆவி குடித்துக் கட்டியாகி.
உறையை என்றோ வீசியாயிற்று,
என்ன உப்பென்று
எனக்கே தெரியாது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
சரி,
உப்பை?

அடுப்பை அணைத்தேன்.
கீழ்த்தளக் கடை ஒன்பதரைக்கு மூடும்.
மின்தூக்கியில்தான் நினைவு வந்தது,
மூக்குக்கண்ணாடி மேசைமேல்.
திரும்ப ஏறினேன்.