பெறுநர் பெயர் இல்லை

ஆறு நாள்
பெட்டிகளுக்கு வீடு தேடுகிறேன்.
எல்லீஸ் நகர், பைக்காரா, பழங்காநத்தம்.
'மாரியம்மன் கோயில் பின்புறம், பச்சைக் கேட்டு'
என்று பாதியில் நின்றுவிடும் முகவரிகள்.
எடுக்காத போன்கள்.
"கடிக்காது, வாங்க" என்று
நாயைக் கட்டாமலே கூப்பிடும் வீடுகள்.
கடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை
பெட்டியைத் தேடிப் போகிறேன்.
அதன் மேல் யார் பெயரும் இல்லை.
வடக்கே ஒன்பது, கிழக்கே எழுபத்தெட்டு,
புள்ளிக்குப் பின்னால் கொஞ்சம் எண்கள்.
"அலைஞ்சது பத்தலையாக்கும்?" என்பாள் வேதக்கனி.
ஆனாலும் டிபன் பாக்சில்
இரண்டு ஆளுக்குப் புளிசாதம் இருக்கும்.
அவளும் வருவாள்,
தேட மாட்டாள், நிழல் பார்த்து உட்காருவாள்.

கும்பகோணத்தில் கொழுந்தியாள் கல்யாணம்.
தாலி கட்டி முடிந்து பந்தி விரிப்பதற்குள்
பாலத்துக் கம்பியில் காந்தம் ஒட்டிய டப்பா எடுத்துவிட்டேன்,
பட்டுவேட்டியில் துருவோடு.
போடியில் மழை, உள்ளே தாள் கூழாகிக் கிடந்தது.
தூத்துக்குடியில் டப்பாவே இல்லை.
இருந்த இடத்தில் ஒரு நண்டு
தனக்கென்று எழுதிக்கொண்ட மாதிரி நின்றது.

இது கீழக்குயில்குடி.
தாமரைக்குளம் தாண்டி,
மலையேறும் படிக்கு இந்தப் பக்கம்.
பாறை பக்கத்தில் வந்ததும்
போனில் அம்புக்குறி கிறுகிறுக்கும்.
செயற்கைக்கோளும் நாலு மீட்டர் பொய் சொல்லும்.
துப்பு ஒரே வரி:
உட்கார்ந்தால் தெரியும்.

குனிந்தேன், தவழ்ந்தேன்,
கல்லிடுக்கில் கைவிட்டு ஒரு பல்லியிடம் மன்னிப்புக் கேட்டேன்.
"யோவ், என்னத்த ஒளிச்சு வைக்கிற?"

காக்கி. மா. ஒச்சப்பன், 2216.
ஒளிக்கவில்லை சார், தேடுகிறேன்.
யார் வைத்தது?
தெரியாது.
உள்ளே என்ன?
தெரியாது.
கிடைத்தால் எடுத்துக்கொள்வாயா?
இல்லை சார், அங்கேயே வைத்துவிடுவேன்.
சொல்லும்போதே
என் காதுக்கும் அது குற்றம் மாதிரிதான் பட்டது.

அவர் தொப்பியைக் கழற்றினார்.
வேதக்கனியைப் பார்த்தார்; அவள்
"ஆமா சார், இப்படித்தான்" என்றாள்.
பிறகு அவரும் லத்தியால் புதரைக் கிளறத் தொடங்கினார்.
அரை மணி நேரம்.
மேலே பேச்சிப்பள்ளத்தில் கும்பல் செல்ஃபி எடுக்கிற சத்தம்.

அங்கே வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறது:
இன்னார் செய்வித்த திருமேனி.
அதற்குக் கீழே வழிநெடுகப் பாறையில்
எனாமல் பெயிண்டில் காதலர்கள், அம்பு பாய்ந்த இதயத்தோடு.
எல்லாருக்கும் பெயர் வெளியே தெரிய வேண்டும்.
நாங்கள்தான்
எழுதிச் சுருட்டி மூடிபோட்டு
திரும்ப இருட்டில் வைக்கிற கூட்டம்.

"முட்டி போச்சுய்யா" என்று
ஒச்சப்பன் கடைசிப் படியில் உட்கார்ந்து
பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தக் குனிந்தவர்
அப்படியே நின்றுபோனார்.
படிக்கல்லின் வயிற்றுக்குள்
ஒரு மாத்திரை டப்பா.

ஏழு பெயர்கள். லூப்லியானாவிலிருந்து ஒருத்தி:
'ஆடு உதவியது.'
பேனாவை நீட்டினேன், பழக்கதோஷம்:
"இங்க ஒரு சைன் போடுங்க சார்."
அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
"நான் கையெழுத்துப் போட்ட தாள் எதுவும்
யாருக்கும் நல்லதுக்குப் போனதில்ல."
புளிசாதம் மட்டும் சாப்பிட்டார்.

ஐப்பசி மழை விட்டதும்
தாள் நனைந்திருக்குமோ என்று போனேன்.
உட்கார்ந்து எடுத்தேன்.
எனக்குக் கீழே, நீல மையில்:
'2216. பணியில் இல்லை. முட்டி பரவாயில்லை.'
அதற்கும் கீழே பென்சில்,
கோட்டுக்குள் நிற்காத பெரிய பெரிய எழுத்து:
'நான்தான் மொதல்ல பாத்தேன்.'