முதல் நாள் வசூல்

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
சரக்கு வண்டி. நாற்பத்தொரு பெட்டி வரை எண்ணினேன்.
அதற்குள் முன்னால் நின்ற ஆட்டோ
பதினோராவது முறையாகச் சொன்னது:
"ஓடி வாங்க, ஓடி வாங்க,
அஞ்சு பைசா கொண்டு வாங்க,
சிக்கன் பிரியாணி வாங்கிப் போங்க,
முதல் நூறு பேருக்கு மட்டும்."
ஓட யாருக்கும் இடமில்லை.
டிரைவர் அந்தச் சத்தத்திலும்
ஹேண்டில்பாரில் தலை சாய்த்துத் தூங்கினார்.

எங்கள் பக்கம் சலுகை புதிதில்லை.
எம்.சி. ரோட்டில் ஆவணி பிறந்தும் ஆடித் தள்ளுபடி.
மூன்று நைட்டி ஐந்நூறு, ஒன்று மட்டும் கேட்டால் முறைப்பு.
செல்போன் கடை வாசலில் கரடி வேஷக்காரப் பையன்
தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
ரோஸ் மில்க் குடிப்பான்.
பர்னிச்சர் கடையில்
'காலி செய்கிறோம், கடைசி மூன்று நாள்'.
எங்கள் கட்டில் அங்கே வாங்கியது.
பிறகு மகளின் தொட்டிலும்.

ஆனால், அஞ்சு பைசா?

அன்றிரவு தெருவே பீரோவைக் குடைந்தது.
கேஸ் புக், ஒற்றைத் தோடு, சீட்டு நோட்டு,
ஓரமெல்லாம் வளைவு வளைவாய்ப் பத்துப் பைசா,
நாலணா கூட.
மாடி போர்ஷன் கோட்டேஸ்வரி
திருப்பதிக்கு முடிந்துவைத்த மஞ்சள் துணியை அவிழ்த்தாள்.
மாமியார் முடிந்தது. என்ன வேண்டுதலோ, அவளுக்குத் தெரியாது.
உள்ளே ஒரு ரூபாய் ஒன்று, அஞ்சு பைசா ஒன்று.
"பெருமாளுக்கு அஞ்சு ரூபாயா போட்டுடறேன்,
அவருக்கு லாபம்தானே?"

கடை திறப்பது பதினொன்றுக்கு.
ஏழு மணிக்கே வரிசை
டி.எச். ரோட்டில் மூன்று மெட்ரோ தூண் தாண்டிவிட்டது.
காயலான் கடை தணிகாசலம்
பவுடர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வந்தார்.
"அஞ்சு பைசா இருவது ரூபா."
எட்டரைக்கு நாற்பது.
பத்தரைக்கு எழுபது.
கடைப் பலகையில் பிரியாணி நூற்றிருபது.
கழித்துப் பார்த்தேன், ஐம்பது மிச்சம்,
கொடுத்தேன்.
ஹார்பரில் அரை நாள் கூலி போனது
அந்தக் கணக்கில் வரவில்லை.

நான் நூற்றி நான்காவது ஆள்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
முதலாளி ஜபருல்லா கையெடுத்துக் கும்பிட்டார்.
"மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு வாங்க, பத்து பர்சென்ட் கம்மி."
நூற்றி மூன்றாவது ஆள் ஷட்டரை ஒரு உதை விட்டு
காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.
வீட்டில் கோட்டேஸ்வரி பொட்டலத்தைப் பிரித்தாள்:
கழுத்து ஒன்று, முட்டை பாதி.
"பெருமாள் காசு, கொற சொல்லக்கூடாது."

டீக்கடையில் நீட்டினேன், சிரித்தார்கள்.
கண்டக்டர் சிரிக்கவில்லை.
பக்கெட் தண்ணீரில் மகள்
மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல வைத்தாள்,
மிதந்தது,
என் எழுபது ரூபாய்.

கார்த்திகையில் ஒரு நாள், நல்ல பசி.
கடையில் நானும் மின்விசிறியும்தான்.
முழு விலைக்குச் சாப்பிட்டேன்.
நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும்.
கல்லா மேல் ஹார்லிக்ஸ் பாட்டில்,
அடியில் விரல் உயரத்துக்குச் சதுரம் சதுரமாய்க் காசு.
"மொதல் நாள் வசூல்," என்றார் ஜபருல்லா,
"அஞ்சு ரூபா. பேங்க்ல கொண்டுபோனேன்,
மேனேஜர் எழுந்து வந்து பாத்தார்."
சட்டைப்பையைத் துழாவி
என்னுடையதையும் போட்டேன்.
விழுந்த சத்தமே இல்லை.
பாட்டிலைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து
"அஞ்சு ரூபா அஞ்சு பைசா" என்று திருத்தினார்,
வீட்டுக்குச் சொன்ன பார்சலைக் கட்டிக்கொண்டே
"கவருக்கு ரெண்டு ரூபா தனி" என்றார்.