ஆறு வெள்ளிக் கத்தி

பகாவ் பாசார் மாலாமில்
ரைஸ் குக்கர் மூடிகளுக்கும்
ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே கிடந்தது.
பத்து என்றான். ஆறு என்றேன்.
உடனே தலையாட்டினான்.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

யானை முத்திரை இல்லை, நட்சத்திரம் இல்லை,
ஒரு சீன எழுத்துகூட இல்லை.
சாம்பல் போட்டு இரண்டு பக்கமும் தேய்த்தேன்.
கறுப்பு போனது, பெயர் வரவில்லை.
பிடியில் மூன்று ஆணி:
இரண்டு பித்தளை, நடுவில் இருப்பது செம்பு.
பித்தளை தீர்ந்துபோன ஒரு நாளில்
கடைக்குப் போகச் சோம்பிய யாரோ செய்தது.
அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு.
'சீனாச் சாமான், ஒரு மாசம் தாங்காது'
என்றார் குணாளன், டிவியிலிருந்து கண் எடுக்காமல்.
டிவியும் சீனாச் சாமான்தான்.
சியாமிலிருந்து வந்திருக்கும் என்றாள்
பக்கத்து வீட்டு ரொகாயா.
'யாரையாவது குத்திட்டுத் தூக்கிப் போட்டதா இருந்தா?'
இது என் நாத்தனார்.

நான் செம்பனை ஆலைச் சோதனைக்கூடத்தில்
எண்ணெயின் புளிப்பை அளக்கிறவள்.
சொட்டுச் சொட்டாக விட்டு
நிறம் மாறும் நொடிக்குக் காத்திருக்கும் வேலை.
வாய்ச்சொல்லை நம்புவதற்கு
எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

ஆகவே எலுமிச்சை.
அரை மூடி பிழிந்து அலகில் தடவினேன்.
கால் மணியில் மழைமேகமாய்க் கறுத்தது.
சில்வர் ஜாதி இல்லை, சரி.
காந்தம் தாவி ஒட்டியது.
அதற்கென்ன, மைலோ டின்னிலும்தான் ஒட்டும்.
அரம் வைத்து இழுத்தேன்.
கடிக்கவில்லை,
கண்ணாடியில் நடக்கிற பல்லிபோல் வழுக்கியது.
இவ்வளவு கெட்டியா, ஆறு வெள்ளிக்கு?

திங்கள் சாயங்காலம்
ஆ கியோங்கின் மோட்டார் பட்டறை.
வாயைத் தொடாதே, முதுகில் மட்டும் என்றேன்.
சாணைக்கல் சுற்றியது.
மஞ்சளாய்க் கிளம்பிய பொறி
நுனியில் பூப்பூவாய் வெடித்தது.
உதட்டுச் சிகரெட்டை எடுத்துக் காதில் செருகிவிட்டு
கத்தியின் முதுகைக் கட்டைவிரலால் தடவினான்.
ஒரே இடைவெளியில் சின்னச் சின்ன மேடு.
'பல்லு. அராவி எடுத்திருக்கான்.
மரவாடி ரம்பம் இது.
மறுபடி காய்ச்சித் தண்ணி காட்டியிருக்கான்.
கெட்டிக்காரன்.'

மரவாடிகள் எத்தனை,
அறுந்து வீசிய ரம்பங்கள் எத்தனை.
பொறியில் பெயர் வராது.

வீட்டுக்கு வந்து வெள்ளரிக்காய் வைத்தேன்.
கத்தி வலப்பக்கம் ஓடியது.
துண்டு மேலே பலகை, கீழே காகிதம்.
குணாளன் வெட்டினார், அப்படியே.
ரொகாயா வெட்டினாள், அப்படியே.
'பாத்தியா' என்றார், கோணல் துண்டுகள் வாய் நிறைய.
எத்தனை குசினிக்குப் போய்
எத்தனை தடவை திரும்பி வந்ததோ.
அந்தத் தலையாட்டல் இப்போது விளங்கியது.

கழுவி வைக்கும்போது
விளக்குக்கு நேராகச் சாய்த்தேன்.
வலப்பக்கம் தட்டை.
தீட்டிய சரிவு இடப்பக்கம் மட்டும்.

சோறு, கரண்டி, கத்தி எல்லாம் எனக்கு வலக்கை.
பள்ளியில் ரோத்தானும்
வீட்டில் அகப்பைக் காம்பும் பழக்கிய கை.
ஆலையில் மட்டும் யாரும் பார்ப்பதில்லை,
கண்ணாடிக் குழாயின் திருகை
இன்னமும் இடக்கையால்தான் திறக்கிறேன்.
அங்கே ஒரு சொட்டுகூடத் தவறியதில்லை.

மிச்ச வெள்ளரியை எடுத்து வைத்தேன்.
கத்தியைக் கை மாற்றினேன்.
நேராக இறங்கியது.
அடுத்ததும்.
வட்டம் வட்டமாக, ஒரே கனத்தில்,
பலகையில் சாய்ந்து படுத்தன.

அவன் எந்த ஊர், என்ன பாஷை,
இருக்கிறானா செத்தானா, ஆணேதானா,
எதுவும் தெரியாது.
அராவும்போது எந்தக் கை முன்னால் போனது என்பது மட்டும்
என் தோள்பட்டைக்குத் தெரிந்தது.

'சரி, யாரு செஞ்சதாம்?' குணாளன் கேட்டார்.
'பீச்சாங்கைக்காரன் ஒருத்தன்'
என்றேன், வெட்டிக்கொண்டே.
என் கையைப் பார்த்தார்.
ஏதோ சொல்ல வந்தார்.
பிறகு ஒரு வட்டத்தை எடுத்து
உப்பில் தொட்டுத் தின்றார்.