இருபத்திரண்டு குதிரை

கல்லைச் சுற்றி மூன்று தரம் நடந்தேன்.
யோகநிதி மணிக்கூட்டைப் பார்த்தாள்.
மணித்தியாலக் கணக்குக்கு வந்தவன்
கல்லோடு கதைத்துக்கொண்டு நிற்கிறான்
என்று நினைத்திருப்பாள்.

நெடுங்கேணிக்கு வடக்கே, காட்டோரம்,
ஒன்றரை ஏக்கர். நடுவில் இது,
அரைவாசி மண்ணுக்குள், அரைவாசி வெயிலுக்குள்.
மேற்குப் பக்கத்தில்
கண்ணிவெடி எடுத்தவர்கள் பூசிய சிவப்பு
திட்டுத் திட்டாய் ஒட்டியிருக்கிறது.
கிழக்குப் பக்கம் வெள்ளை.
வெள்ளைப் பக்கம் நின்றுதான் எல்லோரும் கதைத்தோம்,
முழுக் காணியும் துப்புரவு என்ற காகிதம்
பத்து வருசமாய் அவளுடைய றங்குப்பெட்டிக்குள் இருந்தும்.

என்னுடையது சின்ன மெசின்.
இருபத்திரண்டு குதிரை என்று புத்தகத்தில் இருக்கிறது.
ஒன்றையும் நான் கண்டதில்லை;
மாதம் முடிய லீசிங்காரன் வரும்போது மட்டும்
எல்லாம் சேர்ந்து கனைக்கும்.

"உதால ஏலுமோ?" என்றான் அவள் தம்பி கஜரூபன்.
"தூக்க ஏலாது. நகர்த்தலாம்.
அது வேறை வேலை, இது வேறை வேலை."

முதலில் அலவாங்கு.
முன்பக்க மண்ணைச் சரிவாய் வெட்டினோம்,
கல் தானாய் ஏறி வர.
ஒரு பகல் அதற்கே போனது.
மெசின் பாலை நிழலில் நின்றது,
அதற்கு நான் காசு எழுதவில்லை.
காட்டுக்குள் விழுந்து கிடந்த முதிரைக் கவர் ஒன்றை
மூக்குச் செதுக்கி,
நெம்பி நெம்பிக் கல்லுக்கடியில் செருகினோம்.

பிறகு சங்கிலி.
கஜரூபன் அதை மேல் தண்டில் கொழுவப் போனான்,
உயரத்திலிருந்து இழுத்தால் லேசாம்.
கையைப் பிடித்தேன்.
அங்கே கொழுவினால் கல் எழும்பாது, மெசின் எழும்பும்.
முன்சில்லு இரண்டும் வானம் பார்க்கும்,
ஸ்டியரிங் நெஞ்சுக்கு வரும்,
கிளச்சைத் தேட நேரம் இருக்காது.
மாங்குளத்தில் ஒருத்தரை அப்படித்தான் வெளியில் எடுத்தோம்.
சேட்டுப் பையில் அன்றைய டீசல் ரசீது
மடிப்புக் குலையாமல் இருந்தது.

ஆகவே கீழே, இழுவைத் தண்டில், அச்சுக்கும் தாழ.
மெசின் மூக்கில் நாலு மண்மூட்டை.
சங்கிலிக்கு நடுவில் நனைத்த சாக்கு,
அறுந்தால் முகம் தேடி வராமல்
நிலத்திலேயே விழ.

"சங்கிலி நீளத்துக்கு ரெண்டு மடங்கு தள்ளி நில்லுங்கோ."
கஜரூபன் பின்னால் பின்னால் போனான்.
போன திசையைப் பார்த்தேன், சிவப்புப் பக்கம்.
பாதியில் அவனுக்கும் விளங்கியது.
நின்றான்.
வைத்த காலைக் குனிந்து பார்த்தான்.
பிறகு மற்றக் காலையும்
அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.

முதலாம் கியர்.
நித்திரையான பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை எடுப்பதுபோல கிளச்சை விட்டேன்.
சங்கிலி இறுகியது, சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.
பின்சில்லு அரைச்சுற்றுச் சும்மா சுற்றியது.
நிறுத்தினேன்.
யோகநிதி மணிக்கூட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள்.
மறுபடி. நிறுத்தினேன். அலவாங்கு. மறுபடி.

கல் அசைந்த சத்தத்தை
நான் காதால் கேட்கவில்லை,
இருக்கையால் கேட்டேன்.
ஒரு சாண்.
இறங்கி, பார்த்து, ஏறி,
இன்னொரு சாண்.

நாலரைக்கு வேலிக்கரையில் கிடந்தது,
வழியில் முகம் திருப்பி,
சிவப்பு இப்போது வீட்டைப் பார்த்தபடி.
கஜரூபன் சாக்கால் தேய்த்துப் பார்த்தான், போகவில்லை.
"விடு," என்றாள் யோகநிதி, "மழை பாக்கட்டும்."
பழைய இடத்தில் ஒரு குழி,
வெளிறிய வேர்கள்,
எங்கே போவதென்று தெரியாமல் ஒரு நட்டுவக்காலி.

ஐந்து மணித்தியாலம் என்றேன்.
நாலரை என்றாள்.
நாலே முக்காலில் நின்றோம்.

மண்மூட்டைகளை இறக்க மறந்துவிட்டேன்.
வீடு வரைக்கும்
இருபத்திரண்டு குதிரையும்
தலையைக் குனிந்தபடியே வந்தன.