எம்டனின் சர்வீஸ் புக்

துறைமுக ஆபீசில் எனக்கு வேலை
ஓய்வு பெறுகிறவர்களின் சர்வீஸ் புக்கை
முடித்துக் கட்டி அனுப்புவது.
கரண்ட் போன ஒரு மதியம்
மிச்சமிருந்த வெற்றுப் புத்தகம் ஒன்றில்
அந்தக் கப்பலுக்கு எழுதிப் பார்த்தேன்.

பிறந்த ஊர் டான்சிக். தண்ணீரில் இறங்கியது 1908.
போஸ்டிங்: சீனக் கரை, சிங்தாவ்.
அங்க அடையாளம்: மூன்று புகைபோக்கி.
இதில் சிறு மோசடி உண்டு.
சட்டமும் துணியும் வைத்து
நாலாவது ஒன்றைக் கட்டிக்கொண்டு
இங்கிலீஷ்காரன் கப்பலைப் போல நடந்தது.
படி: பிடித்த கப்பல்களின் கரி.
விடுப்பு எடுக்கவில்லை.

மதராசில் பணிபுரிந்த காலம்
1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்,
அரை மணி இருந்தாலே அதிகம்.
குண்டுகள் நூற்றுச் சொச்சம்.
எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த வெளிச்சத்தில்
ராயபுரம் தன் கூரைகளை
எண்ணிப் பார்த்திருக்கும்.
உள்ளே நின்ற கப்பலில் செத்தவர்கள்:
'பெயர் எழுதக் கட்டத்தில் இடமில்லை'
என்று எழுதினேன்.
பொய்.
எனக்குப் பெயர் தெரியாது.

நவம்பர் ஒன்பது. கோகோஸ் தீவு, பவளப் பாறை.
பணி முடிவு.
பல வருஷம் கழித்து வந்தவர்கள்
இரும்பு விலைக்கு வெட்டிக்கொண்டு போனார்கள்.
பென்ஷன் இல்லை.
வாரிசு

அங்கே பேனா நின்றது.
ஜன்னலுக்குக் கீழே யாரோ கத்தினார்கள்:
"யோவ் எம்டன்! அஞ்சாம் நம்பரு கிரேன் மக்கர் பண்ணுது,
வந்து இன்னான்னு பாரு!"

தேசப்பன். கல்மண்டபத்தில் வீடு.
இரும்பில் காதை வைத்து
எந்தப் பல் தேய்ந்தது என்று சொல்லிவிடுவான்.
இருபத்தாறு வருஷம், காண்ட்ராக்ட்.
எங்கள் அலமாரியில் அவனுக்குப் புத்தகம் கிடையாது.
அரை மணி சுட்டுவிட்டு விளக்கணைத்து ஓடியது
இந்த ஊர் வாயில் பர்மனென்ட்.

நாலு மணி டீக்கு வந்தவனைக் கேட்டேன்,
எம்டன் யார், தெரியுமா?
"தெரியாம இன்னா சார்,
எங்க மாமியா."
கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
சர்க்கரை இன்னும் ஒரு ஸ்பூன் கேட்டான்.

வாரிசு: கா. தேசப்பன், கல்மண்டபம்.
பென்சிலில்தான் எழுதினேன்.
ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்கு
அழிக்கச் சௌகரியம்.