ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

கோவா போய்வந்தவர்கள் எல்லாம்
போட்டோ காட்டி முடித்த பிறகு
கேன்டீனில் ஜெசிந்தா கேட்டாள்:
தலைக்கு இருநூறு இருந்தால்
எந்தக் கடல் வரும்?

சயானில் ஏறி, தாதரில் இறங்கி,
பாலத்தின் மேல் ஊரோடு ஊராய் நசுங்கி
அந்தேரி வண்டி பிடித்தோம்.
பெண்கள் பெட்டியில் ஒருத்தி
கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டு வந்தாள்.
எங்கள் மேல் ஒரு நார் விழவில்லை.
வெர்சோவாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும்
யாரிடமும் வழி கேட்கவில்லை.
கருவாட்டு வாசம் முன்னால் நடந்தது.

அக்கரை, கூப்பிட்டால் கேட்கும் தூரம்.
படகில் ஏழு பைக், ஒரு ஆடு,
கேக் பெட்டியை மடியில் வைத்து
மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் ஒரு பையன்.
பேரில் தவறு இருந்ததோ என்னவோ.
ஐந்து நிமிடப் பயணம்.
அதற்குள் ஜெசிந்தா மூன்று முறை
கப்பல் என்று சொல்லிவிட்டாள்.

மட் கோட்டை பறங்கியர் கட்டியது,
பிறகு மராட்டியர் பிடித்தது என்று
போனில் வாசித்துக்கொண்டே வந்தாள்.
வாசலில் துப்பாக்கியோடு நின்றவன்
எதையும் வாசித்திருக்கவில்லை.
அனுமதிச் சீட்டு?
இல்லை.
அப்படியானால் இல்லை.
விமானப்படை இடமாம்.
இத்தனை நூறு வருஷம் சும்மா கிடந்த கோட்டை
நாங்கள் லீவு போட்ட நாளில்
டியூட்டியில் இருந்தது.

பாறைகளில் இறங்கி உட்கார்ந்து
வெளிச்சுவரைப் பார்த்தோம்.
கடல் வழியாக வருகிறவனுக்குக் காட்ட
கட்டிய முகம்தானே இது,
உள்ளே போனவனுக்கு இது தெரியாது என்றாள்,
சப்பாத்தியைப் பிரித்தபடி.
கல் இடுக்கில் அரசங்கன்று.
வேர் கல்லைப் பிடித்திருந்தது
விழாமல் வைக்கவா, விழவைக்கவா,
அது எங்களுக்கு விளங்கவில்லை.
ஊறுகாய் எண்ணெய் பையெல்லாம் வழிந்திருந்தது.

எரங்கலுக்கு ரிக்‌ஷா எண்பது கேட்டான்.
நடந்தோம்.
மூங்கில் கழிகளில் பொம்பில் மீன்கள்
ஒன்றின் வாயில் ஒன்று வாயைக் கோத்துத் தொங்கின.
"எங்க ஊர்ல மணல்ல பரப்புவோம்,
இங்க துணி மாதிரில்ல காயுது."
எந்த ஊர் என்றேன்.
பெரியதாழை.
நாலு வருஷம் ஒரே அறையில் இருக்கிறோம்,
மதுரைப் பக்கம் என்றல்லவா சொல்லியிருந்தாய்?
"கடலே வேண்டாம்னுதான் நர்சிங் படிச்சேன்.
ஊர் பேரைச் சொன்னா
மீன் கொண்டுவரச் சொல்வீங்க."

கோவில் மணலிலேயே நின்றது,
அலை எட்டிப் பார்க்கும் தூரத்தில்.
சாரத்தின் மேல் ஒருவன் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான்.
முந்நூறு வருஷமா, நானூறா என்றோம்.
வாளியைக் காட்டி,
பழையதோ புதியதோ,
மழைக்குப் பிறகு எல்லாச் சுவரும்
ஒரே அளவுதான் குடிக்கும் என்றான்.
ஜெசிந்தா உள்ளே போய்
நெடுநேரம் திரும்பவில்லை.
நான் செருப்புக்குக் காவல் இருந்தேன்.

திரும்பும்போது நீர் வற்றி
படகு கரைக்கு வர மறுத்தது.
முழங்கால் சேற்றில் நடந்து ஏறினோம்,
ஒரு கையில் செருப்பு, ஒரு கையில்
கால்கிலோ கருவாடு.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

தாதர் போகும் வண்டியில்
நோட்டை எடுத்துக் கூட்டினேன்.
நான் ஆஸ்பத்திரி கேஷ் கவுன்ட்டரில் இருப்பவள்.
பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்;
அது சுலபம்.
கூடினால்தான் வம்பு.
ஏன் கூடியது என்று
எழுதித் தரவேண்டும்.

பதினொரு ரூபாய் கூடுதலாக இருந்தது.
மூன்று முறை எண்ணினேன்.
படகா, டீயா, அந்தக் கருவாட்டுக்காரியா,
யார் வாங்காமல் விட்டார்கள்?
ஒரு நாணயத்தின் சிங்கத் தலையில்
ஈர மணல் ஒட்டியிருந்தது.

தோளில் தூங்குகிறாள் ஜெசிந்தா.
பெட்டி முழுக்கக் கருவாட்டு நாற்றம்,
எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள்.
காரணம் என்ற கட்டத்தில்
"தாதர் வந்துவிட்டது" என்று எழுதி
நோட்டை மூடினேன்.