நாயோடு சேர்த்துப் பதினோரடி

செக்கானூரணி தாண்டி, தேனி ரோட்டில்
நாலுவழிச் சாலைக்கு இடைஞ்சலாக நிற்கிறது
சுதந்திர ஸ்தூபி.
பன்னிரண்டு அடி மேற்கே நகர்த்த வேண்டும்.
டேப்பும் படிவமும் என் கையில்.

படிவத்தில் ஒரு கட்டம்: பொருளின் தன்மை.
கோயில், கிணறு, மரம், மின்கம்பம், சிலை, இதர.
ஏதாவது ஒன்றில் மட்டும் டிக் அடிக்கவும்.

உச்சியில் சிங்கம் என்கிறது கோப்பு.
அண்ணாந்து பார்த்தேன். கோம்பை நாய்.
மடிந்த காது, ஒட்டிய வயிறு,
பிடரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுருக்கம்.
செதுக்கியவன் சிங்கத்தைக் கண்டிருக்க மாட்டான்.
யாரோ வாயால் சொல்லியிருப்பார்கள்:
நாலு கால், பெரிய வாய், எவனுக்கும் பயப்படாது.
தனக்குத் தெரிந்ததில் அப்படி ஒன்றை
அவன் தேடியிருக்கிறான்.

டீக்கடை ஒச்சம்மாள் கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னாள்,
"சிங்கமோ நாயோ,
கல்யாணப் பத்திரிகையை மொதல்ல இதுக்கு முன்னால வச்சுட்டுத்தான்
சாமிக்கு வைப்போம்."
ஏன் என்றேன்.
"ஏன்னு இதுவரைக்கும் யாரு கேட்டா?"

விரிசல் பார்க்கப் பெயிண்டைச் சுரண்டினார்கள்.
மேலே மூவர்ணம், போன ஆகஸ்டில் அடித்தது.
அதன் கீழ் ஒரு கட்சி, அதற்கும் கீழ் எதிர்க்கட்சி,
சிமெண்டுக் கம்பெனி மஞ்சள்,
ஒரு நீலம், ஒரு காவி,
கடைசியில் சுண்ணாம்பு.

சுண்ணாம்பில் குழிகள்.
நெஞ்சு உயரத்தில் ஒரு சுற்று,
இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று,
முழங்கால் கிட்டே சிறிசாக நாலைந்து.
குளவி கட்டிய தடம் என்றார் சூப்பர்வைசர் இருளப்பன்,
போட்டோ எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனார்.

குனிந்து பார்த்தேன்.
குழிக்குள் கோடு. கோட்டுக்குள் சுழி.

இந்தப் பக்கத்தில் கைரேகைக்கு ஒரு கணக்கு உண்டு.
பிறப்பே குற்றம் என்று ஒரு சட்டம் இருந்தது.
மீசை அரும்பியவன் பேரெல்லாம் பதிவேட்டில்,
பத்து விரலும் மையில்.
பொழுது சாய்ந்தால் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும்,
வீட்டில் பெண்டாட்டி இடுப்பு வலியில் கத்தினாலும்.
அடுத்த ஊர் போக ராத்திரிச் சீட்டு.
விடுதலை என்றால்
சொந்தப் பாயில் விடிவது.

அந்தச் சட்டம் போன வருடம்தான்
இந்தத் தூண் எழுந்தது.
சுண்ணாம்பு ஈரமாக இருந்திருக்கிறது.
அன்றைக்கு யாரும் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை.
யாரும் விரலை உருட்டவில்லை.

முழங்கால் உயரத்துக் குழிகளையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதிவேட்டில் ஏறாமல் தப்பிய பெருவிரல்கள்.

காலையில் ஆபீஸ் வருகைப்பதிவு மெஷின்
என் விரலை மூன்று தடவை திருப்பி அனுப்பியது.
மீண்டும் முயல்க, மீண்டும் முயல்க.
இங்கே நெஞ்சு உயரத்துக் குழி ஒன்றில் வைத்தேன்.
பெரிய விரல். என்னுடையதைச் சுற்றி
ஒரு நெல் போக இடமிருந்தது.

ஜேசிபி சன்னாசி கத்தினான்,
"மேடம், அஸ்திவாரமே இல்ல! ஒன்றரை அடிதான்!"
இத்தனை லாரிக்கும் ஊர்வலத்துக்கும்
ஆடு கட்டி இழுத்த கயிற்றுக்கும்
எப்படி நின்றது என்று
தலையைச் சொறிந்தான்.
அவனுக்குச் சொல்ல
என்னிடம் சூத்திரம் ஏதும் இல்லை.

ஒச்சம்மாள் இரண்டாவது டீக்குக் காசு வாங்கவில்லை.
"அங்கிட்டு வச்ச பிறகு நாய் எங்க பார்க்கும்?"
இப்போது அது
எதிர்ச்சாரியில் போலீஸ் ஸ்டேஷனைப் பார்க்கிறது.
வரைபடத்தில் அதெல்லாம் கிடையாது என்றேன்.
"அப்ப அதையும் அளந்துக்க."

இதர என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
குறிப்புக்கு விட்டிருந்தது ஒற்றை வரி.
எழுத்தைச் சிறிதாக்கி இரண்டு வரி எழுதினேன்:

முகம் கச்சேரி நோக்கி. மாற்றக் கூடாது.
உயரம், நாயோடு சேர்த்து, பதினோரடி.